பாலாற்றங்கரையில் எட்டுப் பாட்டு: ஒரு தனியிசைத் தொகுப்பின் நிகழ்வு ஆய்வு

ராணிப்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில், டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலைச் சுழற்றும் டிரம் ஓட்டியே காலம் கழித்த ஒருவர் இறந்துபோனார். கிதார் வாசித்துத் தானே பாட்டெழுதிப் பாடும் அவருடைய மகள், அந்தச் சாவையும் டேனரிக் கழிவால் கெட்ட பாலாற்றின் கதையையும் சேர்த்து எட்டுப் பாட்டுகளில், முப்பத்தோரு நிமிஷத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பின்னால் சினிமாவும் இல்லை, ஆடியோ கம்பெனியும் இல்லை. ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பாடகியின் பெயரும் தொகுப்பின் பெயரும் இதில் வராது.

சொந்த இழப்பையும் அரசியலையும் ஒன்றாகச் சொல்ல நினைக்கிற தொகுப்புகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகின்றன. நாலு பாட்டு அப்பாவுக்கு, நாலு பாட்டு ஊருக்கு என்று பாகம் பிரிந்துவிடும். அப்பா பாட்டில் ஊர் இருக்காது, ஊர்ப் பாட்டில் ஆளே இருக்காது. இந்தத் தொகுப்பின் முதல் வடிவமும் அப்படித்தான் இருந்தது. அதைச் சரிசெய்தது ஒப்பாரி.

ஒப்பாரி வைக்கிற பெண்கள் வெறுமனே அழுவதில்லை. செத்தவரை 'நீ' என்று கூப்பிட்டு அழுதபடியே, கடைசிவரை எட்டிப் பார்க்காத தம்பி, வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட பங்காளி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாத மகன் என்று ஒவ்வொருவரையும் இழுத்து வைத்துக் கேட்பார்கள். மற்ற நாளில் பேச முடியாததை அன்றைக்குப் பேசலாம், தடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. குற்றம் சாட்டும் வேலை அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. பாடகி செய்ததெல்லாம், குற்றவாளிக் கூண்டில் பங்காளிக்குப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரையும் கோப்புகளையும் நிறுத்தியதுதான்.

எண்கள் எங்கிருந்து வந்தன

பாட்டில் வரும் ஊர்க்கதை முழுக்க நீதிமன்ற ஆவணங்களில் இருப்பது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் வரை தண்ணீர் செலவாகிறது, குரோமிய உப்பு ஏற்றிப் பதனிடும் குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன, டேனரிப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்பவை அதில் பதிவான விவரங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கும் அதே தீர்ப்பில் வருகிறது. வேலூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. முதல் வடிவில் 'முந்நூத்தம்பது கெணறு' என்ற அடிதான் பல்லவியாகவே இருந்தது. சந்தம் அழகாக விழுந்திருந்தும் எடுக்க வேண்டியதாயிற்று. அரசியல் பாட்டில் ஒரு எண் பிசகினால், அந்தப் பாட்டைப் பிடிக்காதவர்கள் அதைக் காட்டியே மற்ற ஏழு பாட்டையும் தள்ளிவிடுவார்கள்.

அந்த இடத்தில் வந்ததுதான் 35 லிட்டர். இப்போது மூன்றாம் பாட்டின் நடுவில் இப்படி இருக்கிறது:

*முப்பத்தஞ்சு லிட்டரு தண்ணி மொடக்கு மொடக்குன்னு குடிச்சதே தோலு — என்னெப் பெத்த நைனா*
*நீ கேட்ட ஒரு சொம்புத் தண்ணிய நான் எந்தக் கெணத்துல மொள்ளுவேன்*

எண்ணும் இழப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த இரண்டு அடி அமைந்த பிறகுதான் மற்றப் பாட்டுகள் திருத்தி எழுதப்பட்டன. ஊர்ச் செய்தி ஒவ்வொன்றும் அப்பாவின் உடம்போ கையோ சாப்பாடோ தொட்டுத்தான் பாட்டுக்குள் வரலாம் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்.

அப்பாவின் சாவுக்குக் காரணம் டேனரிதான் என்று தொகுப்பில் எங்கும் சொல்லவில்லை. எந்த டாக்டரும் அப்படி எழுதித் தரவில்லை. 'இன்னதுன்னு யாரும் எழுதித் தரல' என்பதே ஆறாம் பாட்டில் ஓர் அடியாகிவிட்டது. நிரூபிக்க முடியாததைச் சத்தமாகச் சொல்வதைவிட இது வலுவாக இருக்கிறது. 'டேனரியை மூடு' என்ற கோஷமும் அதேபோல் நீக்கப்பட்டது. தெருவில் பாதி வீட்டுக்கு அங்கிருந்துதான் சம்பளம் வருகிறது. பாடகியின் முதல் கிதாரும் அந்தச் சம்பளத்தில் வாங்கியது. அது ஐந்தாம் பாட்டில் வருகிறது, எந்தச் சமாதானமும் இல்லாமல்.

மொய் நோட்டு

ஏழாம் பாட்டு நெடுநாள் தேறாமல் கிடந்தது. 'நீதி எங்கே' என்று முடியும் கோரஸ், அதன் கீழே வழக்கின் தேதிகள். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். யார் யாரைக் கேட்கிறார்கள் என்பதே அதில் இல்லை.

1996 தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். இதை மொய் வாசிக்கிற குரலில் படிக்கலாம் என்று தோன்றியதும் பாட்டு எழுந்து உட்கார்ந்தது. மைக்கில் ஒருவர் ஒரே சுதியில் 'கெட்ட கெணறு ஒண்ணு, ஒம்பதாயிரத்துச் சொச்சம். காஞ்ச தென்னை நாலு, அதே சொச்சத்துல அடக்கம்' என்று படித்துக்கொண்டே போக, பின்னால் கூட்டம் பந்திக்கு எழுந்து போகிற சத்தம். கோரஸ் கிடையாது. தொகுப்பிலேயே சிரிப்பு வருகிற பாட்டு இதுதான். எங்கள் கணக்கில் அரசியல் ரீதியாகக் கூர்மையானதும் இதுதான். வழக்கு அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி விரிவான உத்தரவு போட்டது. அதற்குள் பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. மொய் நோட்டை எந்தக் கலெக்டர் ஆபீசில் கொடுப்பது என்று பாட்டு கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது.

2015 ஜனவரி 31 ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை விபத்தைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். முதல் வடிவில் சாவின் விவரிப்பு நிறைய இருந்தது. அந்தக் குடும்பங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதால் பெயர்களும் விவரிப்பும் நீக்கப்பட்டன. மிஞ்சியது தேதி, தூக்கம், 'இவுங்களுக்கு யாரு ஒப்பாரி வைப்பா' என்ற ஒரு கேள்வி.

கொட்டகையில் பதிவு

மூன்றாம் பாட்டின் ஒப்பாரியைப் பாடியவர் பாடகியின் அத்தை. சாவு இல்லாத நாளில் வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பது வழக்கம். நாட்டுப்புறப் பாடல் சேகரித்தவர்கள் எல்லாரும் இந்த மறுப்பைச் சந்தித்திருப்பார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது, இடத்தை மாற்ற வேண்டும். கயினியில் (வயலில்) தண்ணீர் வற்றிப்போன கிணற்றோரம் பம்புசெட் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. எட்டுக்கு எட்டு அடி, செங்கல் சுவர், மேலே கான்கிரீட்.

சதுர அறை பதிவுக்கு மோசமான அறை. எட்டடி இடைவெளியில் 70 ஹெர்ட்ஸ் பக்கமும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கும். இரண்டு திசையும் ஒரே அளவு என்பதால் தேக்கம் இரட்டிப்பாகும். அத்தையின் அடித்தொண்டைக் குரல் மூன்றாம் மடங்கில், 210 ஹெர்ட்ஸ் பக்கம், போய் உட்கார்ந்து குடத்துக்குள் பேசுவது போல் கேட்டது. அதற்கு மருந்து மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை. தோலோடு கூடிய மல்லாட்டை நிரம்பிய சாக்கு ஒன்றரை அடிக் கனத்துக்கு உள்ளே காற்றிடைவெளியோடு இருப்பதால், மெல்லிய ஃபோம் ஷீட்டுக்கு அடங்காத தாழ்ந்த ஒலியையும் ஓரளவு தின்றுவிடும். இரண்டு மூலைகளில் கூரை வரை அடுக்கி, பாடுகிறவரின் முதுகுப் பக்கம் ஓர் இலவம் பஞ்சு மெத்தையைத் தொங்கவிட்டார்கள். மைக்கை அறையின் நட்டநடுவில் வைக்கக் கூடாது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, வாயிலிருந்து ஓர் அடி தூரத்தில், நெற்றி உயரத்தில் கீழ்நோக்கி வைத்தால் மூச்சு அடிக்காது.

கரண்டில் இரைச்சல் இருந்தது. கொட்டகையில் எர்த் சரியில்லாததால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் எல்லா டேக்கிலும் ஏறின. சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி, யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வைத்ததும் அது போய்விட்டது. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அழுகையில் குரல் எப்போது எகிறும் என்று தெரியாது. உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினைக் குறைத்தே வைத்தார்கள். 24 பிட்டில் அப்படிக் குறைத்து எடுப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலை. ராத்திரியில் சில்வண்டு. அதன் சத்தம் 4, 5 கிலோஹெர்ட்ஸில், பேச்சுத் தெளிவு இருக்கும் இடத்திலேயே விழுவதால் வெட்டி எடுக்க முடியாது. விடியற்காலையில் கோயில் மைக். ஆடி மாசம் கிட்டேயே போகக் கூடாது. சித்திரையில் வேலூர் வெயிலுக்கு அந்தக் கொட்டகைக்குள் ஃபேன் இல்லாமல் யாரும் உட்கார முடியாது. தை, மாசியில் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைதான் தோதான நேரம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் உறுமல் எப்போதும் உண்டு. 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குரலுக்குச் சேதம் இல்லாமல் அது அடங்கும்.

முதலில் ஹெட்ஃபோனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டுக் கொடுத்தார்கள். அத்தை கழற்றி வைத்துவிட்டார். "அழுவுறதுக்கு இன்னாடி தாளம்?" அவர் சொன்னதுதான் சரி. ஒப்பாரியின் ஒவ்வொரு வரியும் மூச்சு தீர்கிற இடத்தில் முடிகிறது, அடுத்த வரி விம்மல் முடிந்து ஆரம்பிக்கிறது. அதைக் கட்டத்துக்குள் அடைத்தால் பாட்டு செத்துவிடும். குரலைத் தனியே எடுத்துவிட்டு, பிறகு மென்பொருளில் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் டெம்போ குறி போட்டு, வாத்தியங்களைக் குரலுக்குப் பின்னால் நடக்க வைத்தார்கள்.

சுதி இன்னொரு சிக்கல். அழுகை ஏற ஏறக் குரலும் ஏறும். பாட்டு முடியும்போது ஆரம்பித்த இடத்துக்கு அரைச் சுரம் மேலே நின்றது. ஆரம்பச் சுதிக்குத் தம்புரா போட்டால் கடைசி நிமிஷம் நாராசமாகிவிடும். ஆட்டோட்யூன் போட்டு இறக்கினால் அழுகை பொய்யாகிவிடும். முதல் பாதியைத் தனிக்குரலாக விட்டுவிட்டு, குரல் மேலே போய் நிலைத்த இடத்தின் சுதிக்கே பின்பாதியில் கிதாரைச் சேர்த்தார்கள். கிதாரிலும் முழுக் கார்டு உதவாது. அத்தையின் காந்தாரம் (மூன்றாம் சுரம்) மேஜருக்கும் மைனருக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. ஷட்ஜமும் பஞ்சமமும் (ச, ப) மட்டும் வாசித்தால் மோதல் இல்லை.

பறையும் டிரம்மும்

பறை எங்கே ஒலிக்கலாம் என்பதில் தொகுப்பு எடுத்த முடிவு யோசித்து எடுத்தது. சாவு வீட்டில் பறை அடிப்பதைச் சாதி சுமத்திய வேலை என்று விட்டொழித்த குடும்பங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் உண்டு. அம்பேத்கர் இயக்கம் ஆழமாக வேர்விட்ட மண் இது. 1989இல் வட ஆற்காடு ஜில்லாவைப் பிரித்தபோது அம்பேத்கர் பெயரையே ஒரு பாதிக்கு வைத்தார்கள். அதனால் ஒப்பாரிப் பாட்டில் பறை கிடையாது. சிப்காட் பாட்டிலும் கிடையாது. வழக்கைப் பற்றிய ஏழாம் பாட்டிலும், கடைசிப் பாட்டிலும் மட்டும் வருகிறது, செய்தி சொல்லும் கருவியாக.

பறைக்குப் போர்த்துவது பதப்படுத்தாத பச்சைத்தோல். காயக் காய இறுகும், சூடு காட்டினால் சுதி ஏறும். குரோம் ஏற்றிய தோல் இதற்கு ஆகாது: மெத்தென்று ஆகிவிடுவதால் தட்டினால் ஒலி உடனே அமுங்கிவிடும், நெருப்பில் காட்டினாலும் பழையபடி விறைக்காது. அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்தது பாடாத தோல் என்று எட்டாம் பாட்டில் ஒரு வரி வருகிறது. தொழில் தெரிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி.

காய்ச்சிய பறையின் சுதி பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் இறங்கத் தொடங்கும், ஈரக்காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம். எல்லா மைக்கையும் பொருத்தி, சத்தம் சரிபார்த்த பிறகுதான் நெருப்பு மூட்ட வேண்டும். சரிபார்க்க வேறொரு பறையை வைத்துக்கொள்ளலாம். வைக்கோலும் சாக்கும் கிடக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் மூட்டக் கூடாது. பதிவு திறந்த வெளியில் நடந்தது. டைனமிக் மைக் ஒன்று இரண்டடி தள்ளி, தோலுக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக. கன்டென்சர் மைக் ஒன்று பத்தடி தள்ளி, சத்தத்தை 20 டெசிபல் குறைக்கும் பேட் போட்டு. கிட்டத்து மைக்கை மட்டும் நம்பினால் குச்சி படுகிற 'டக்' மட்டும் கிடைக்கும். பறையின் உடம்பு தூரத்தில்தான் கேட்கும்.

முதல் பாட்டின் அடித்தாளம் டேனரி டிரம். பதனிடும் மர டிரம் நிமிஷத்துக்குச் சுமார் பத்துச் சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஆறு வினாடி. நிமிஷத்துக்கு 80 அடி என்ற டெம்போவில் எட்டு அடிக்குச் சரியாக ஆறு வினாடி ஆகிறது. கிதார் வரியை இந்தக் கணக்கில்தான் அமைத்தார்கள். ஒலியைத் தொழிற்சாலைக்குள் போய் எடுக்கவில்லை. மதில் சுவருக்கு வெளியே பொதுச்சாலையில் நின்று, ரெக்கார்டருக்கு ரோம உறை மாட்டி எடுத்தது. வெறும் ஸ்பாஞ்சு உறை ஆற்றோரக் காற்றுக்குத் தாங்காது. ஒரே சுற்றை வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டினால் நாலாவது தடவையே காது கண்டுபிடித்துவிடும். பன்னிரண்டு சுற்றுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இழுத்தோ சுருக்கியோ அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே முளைகள் தூக்கிப் போடும் ஈரத்தோல் 'தொப்' என்று விழுவது தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. அதை நேராக்கவில்லை.

கலவை, உரிமை, வெளியீடு

முதல் கலவையில் பறைப் பாட்டு மைனஸ் 11 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அளவு), ஒப்பாரி மைனஸ் 20. தொகுப்பை வரிசையாகக் கேட்டால் ஸ்பாடிஃபை இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றும். பாட்டுகள் கலைந்து பிளேலிஸ்ட்டில் ஓடும்போது ஒவ்வொன்றையும் மைனஸ் 14 பக்கம் இழுக்கும். யூடியூப் சத்தமானதைக் குறைக்கும், மெல்லியதை ஏற்றாது. ஒப்பாரி முடிந்த கையோடு சோப்பு விளம்பரம் அலறும். அதனால் ஒப்பாரியை மைனஸ் 16க்குக் கொண்டுவந்தார்கள், கம்ப்ரசரால் (சத்த வித்தியாசத்தைச் சுருக்கும் கருவியால்) அல்ல. அது மூச்சையும் பின்னணி இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும் என்பதால், வரிக்கு வரி கையாலேயே வால்யூம் ஏற்றி இறக்கினார்கள்.

அத்தையின் உரிமை எழுத்தில் இருக்கிறது. ஒப்பாரியின் பழைய அடிகள் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அன்றைக்கு அவர் வாயில் புதிதாக வந்த அடிகளுக்கு அவர்தான் ஆசிரியர். பாடியதற்குத் தனியாக, பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவின்படி 50 வருஷக் கலைஞர் உரிமை உண்டு. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, அதையும் ஒலிப்பதிவு செய்து, பங்கை நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறும் அதே பாஸ்புக் கணக்குக்கு எழுதினார்கள். பறைக் கலைஞர்களின் பெயர்கள் வெறும் 'தாளம்' என்று போகாமல், பாட்டுவாரியாக மெட்டாடேட்டாவில் (பாட்டோடு போகும் விவரக் குறிப்பில்) ஏறின.

அவதூறு வழக்கு பயம் நியாயமானது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, நீதிமன்ற நடவடிக்கையைச் சாராம்சம் மாறாமல் வெளியிடுவதைக் குற்றமாக்கவில்லை. தீர்ப்பில் இருப்பதைத் தாண்டி எந்த நிறுவனத்தின் பெயரும் பாட்டில் இல்லை. 35 லிட்டரை மேற்கோள் காட்ட யாருடைய பெயரும் தேவைப்படவும் இல்லை.

பாட்டுப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே ஏற்றியதால் ரோமன் எழுத்தில் தேடியவர்களுக்கு அகப்படவில்லை. ரோமன் எழுத்துப் பெயரை முன்பே கூடுதல் தலைப்பாகக் கொடுத்திருக்க வேண்டும். வெளியான பிறகு திருத்தினால் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு நாளில்தான் மாறும். ஸ்பாடிஃபை தானே தேர்ந்தெடுத்துப் போடும் எடிட்டோரியல் பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்க வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் பாட்டு ஏறியிருக்க வேண்டும். பாதுகாப்பாக நாலு வாரம். 2024 முதல் ஸ்பாடிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாசத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாவிட்டால் காசு கிடையாது. இப்படிப்பட்ட தொகுப்புக்கு ஸ்ட்ரீமிங் வரும்படி எடுத்த செலவைக் கட்டாது. பணம் வந்தால் மேடையிலிருந்துதான் வர வேண்டும்.

மேடையில் பறை காய்ச்சுவதற்கு எந்த மண்டபக்காரரும் சம்மதிப்பதில்லை, அதனால் ஃபைபர் தோல் பறை. வெளியரங்கு என்றால் போலீஸ் அனுமதி, பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். கடைசிப் பாட்டை ஒன்பதேமுக்காலுக்குள் முடிக்கிற மாதிரி வரிசை போடுகிறார்கள். அத்தையின் குரலை லேப்டாப்பிலிருந்து ஓட்டுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. மூன்றாம் பாட்டில் பாடகி பின்பாதியை மட்டும், ச-ப கிதாரோடு பாடுகிறார். அதே தெருவில் யார் வீட்டிலாவது பதினாறாம் நாள் காரியம் முடியாமல் இருந்தால் அன்றைக்கு அந்தப் பாட்டு வரிசையில் இருக்காது. மொய் நோட்டுப் பாட்டு இரண்டாவதாக வரும்.